விலை கூடிய வயர்லெஸ் ஹெட்போனுக்குப் பதில் எதை வாங்கலாம்? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோனி 1000எக்ஸ்எம்5 ஹெட்போன் 2022இல் 399 டொலருக்கு வந்தது. ஒரு டொலரை 300 ரூபா என்று கணக்குப் போட்டாலே 120,000 ரூபா ஆகிறது. ஆப்பிளின் ஏர்பொட்ஸ் மேக்ஸ் 549 டொலருக்கு வந்தது, அது 165,000 ரூபாவைத் தொடும். இங்கே கடைக்கு வரும்போது வரியும் இறக்குமதிச் செலவும் மேலே ஏறும். அந்தக் காசில் கால்வாசியோ அதிலும் குறைவாகவோ வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ரூபாத் தொகைகள் எல்லாம் வெளிநாட்டு அறிமுக விலையை 300ஆல் பெருக்கியவை. கடை விலை கூடலாம், தள்ளுபடியில் குறையவும் செய்யலாம்.

ஒரு இலட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் ஹெட்போனில் அப்படி என்ன இருக்கிறது?

பாட்டின் தரத்துக்காகத்தான் அவ்வளவு காசு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் விலை வித்தியாசம் மிகக் குறைவாகத் தெரிவது அதில்தான். 18,000 ரூபா ஹெட்போனின் பேஸை, அதாவது தாழ்ந்த அடி ஒலியை, கொஞ்சம் அடக்கிவிட்டுக் கேட்டால், விலை கூடியதற்கும் அதற்கும் உள்ள தூரம் நிறையவே சுருங்கிவிடும்.

காசு போவது வேறு இடங்களுக்கு. வெளிச்சத்தத்தை அடக்கும் ஏஎன்சி வசதி, காற்றடிக்கும்போதும் குரலைத் தெளிவாக அனுப்பும் மைக், ஒரே நேரத்தில் போனிலும் லப்டொப்பிலும் தடுமாறாமல் இணைந்திருப்பது, ஐந்தாறு மணிநேரம் போட்டாலும் காதை நோகவைக்காத குஷன் ஆகியவைதான் அவை. ஆனால் விலை கூடினால் பாரம் குறையும் என்று நினைக்க வேண்டாம். ஏர்பொட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். 150 டொலரின் சோனி சிஎச்720என் 192 கிராம், அதாவது பாதி.

இந்த நான்கில் உங்களுக்கு எது தேவையோ அதற்கு மட்டும் காசு கொடுங்கள். மற்றதை விட்டுவிட்டால் விலை தானாக இறங்கும்.

எனக்கு எது தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எங்கே இருந்து கேட்கப் போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவு ரயிலிலோ, அக்கரைப்பற்று, கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸிலோ அடிக்கடி போகிறவருக்கு ஏஎன்சி உண்மையான பயன் தரும். எஞ்சின் முழக்கம், ஏசி இரைச்சல், மின்விசிறிச் சத்தம், அரிசி ஆலை மோட்டர் போன்ற நின்று நீடிக்கும் தாழ்ந்த சத்தங்களை ஏஎன்சி நன்றாக வெட்டும். வெளியே உள்ள சத்தத்தை மைக் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே அனுப்புவதுதான் அதன் வேலை. அலை மெதுவாகவும் ஒரே சீராகவும் இருந்தால்தான் அது நடக்கும். சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அதன் பலம் குறைந்துவிடும்.

ஆகவே பக்கத்துச் சீட்டில் கதைப்பவரின் குரல், குழந்தை அழுவது, பஸ் ஹோர்ன், மருதமுனைத் தறியின் டக்டக் சத்தம் ஆகியவற்றுக்கு மலிவான ஏஎன்சியிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அப்படியான இடத்தில் காதுத் துளைக்குள் இறுக்கமாகப் பொருந்தும் சிலிக்கன் முனையுள்ள இயர்பட்ஸ் கூடுதல் பலன் தரும். ஒன்றை மறக்க வேண்டாம்: ஆலையிலோ தறிக்கூடத்திலோ வேலை செய்பவருக்கு ஹெட்போன் செவிக் காப்பு ஆகாது. அதற்கென்று விற்கும் காது அடைப்பான் வேறு.

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கும் பல்கலைக்கழக மாணவருக்கு ஒன்லைன் விரிவுரையும் அறையில் பாட்டும்தான் தேவை என்றால் ஏஎன்சி கட்டாயமில்லை. வயர் போடக்கூடியதாக இருப்பதும் இரண்டு கருவிகளில் இணைவதும் அவருக்குப் பெரிது. வீட்டிலிருந்து வாடிக்கையாளர் அழைப்பு வேலை செய்பவர் எல்லாக் காசையும் மைக்கில் போட வேண்டும். அவருக்கு வாய்க்கருகில் மைக் நீட்டிய யூஎஸ்பி ஹெட்செட், மூன்று மடங்கு விலையுள்ள புளூடூத் ஹெட்போனைவிட நல்லது.

பெட்டியில் ஈஎன்சி என்று போட்டிருக்கிறது. அதுவும் சத்தத்தைக் குறைப்பதுதானே?

இல்லை. மலிவான இயர்பட்ஸ் வாங்கி ஏமாறுகிறவர்களில் பலர் ஏமாறுவது இந்த ஒரு எழுத்தில்தான்.

ஏஎன்சி உங்கள் காதுக்கு வரும் சத்தத்தைக் குறைக்கிறது. ஈஎன்சி நீங்கள் அழைப்பில் கதைக்கும்போது மறுமுனையில் இருப்பவருக்குப் போகும் இரைச்சலைக் குறைக்கிறது. பஸ்ஸில் இருக்கும் உங்களுக்கு அதனால் ஒரு மாற்றமும் தெரியாது. கடையில் "நொய்ஸ் கேன்சல் இருக்கா?" என்று கேட்டால் இரண்டுக்கும் "ஓம்" என்றே பதில் வரும். "ஏஎன்சியை ஓன் பண்ணி, ஓஃப் பண்ணிக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

அதேபோல "9டி சவுண்ட்", "ஹைஃபை", "40 மி.மீ. ட்ரைவர்" என்ற எழுத்துகளைப் பார்த்துக் காசு கூட்டிக் கொடுக்காதீர்கள். ட்ரைவர் என்பது உள்ளே ஒலியை எழுப்பும் சிறிய ஸ்பீக்கர், அதன் அளவு தரத்தைச் சொல்லாது. புளூடூத் 5.4 என்றிருந்தால் இணைப்பு உறுதியாக இருக்கலாம், பற்றரி கொஞ்சம் மிச்சமாகலாம். அந்த இலக்கத்தால் பாட்டு நன்றாகக் கேட்கும் என்றில்லை. "45 டெசிபல் குறைப்பு" என்பதும் ஏதோ ஒரு அலைவரிசையில் கிடைத்த உச்ச அளவு மட்டுமே.

சரி, என் காசுக்கு எந்த மொடலைத் தேடலாம்?

*6,000 ரூபாவுக்குள்:* இந்த விலையில் காதை மூடும் புளூடூத் ஹெட்போன் வாங்கவே வேண்டாம். மடிப்பு உடையும், குஷன் உரியும், பற்றரி சில மாதங்களில் இளைக்கும். வயர் உள்ள இன்-இயர் வாங்குங்கள். மூன்ட்ரொப் சூ 2, 7ஹெர்ட்ஸ் சீரோ ஆகியவை 20 டொலர் அளவில் விற்பவை. பாட்டின் தெளிவில் இவை இதைவிடப் பல மடங்கு விலையுள்ள வயர்லெஸ் ஹெட்போன்களோடு ஒப்பிடத் தக்கவை. இரண்டிலும் கேபிள் கழரும். கேபிள் பழுதானால் கேபிளை மட்டும் மாற்றலாம். நாம் ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்று சொல்லி வாங்கும் சாதாரணப் பொருள் வயர் போனதும் குப்பைக்குத்தான் போகும்.

வயர்லெஸ்தான் வேண்டும் என்றால் இந்த விலையில் நெக்பேண்ட் எடுங்கள். கழுத்துப் பட்டியில் பெரிய பற்றரி வைக்க இடமிருக்கிறது. ஒரு பக்கம் தொலைந்து போகும் பிரச்சினையும் இல்லை.

*12,000 ரூபா அளவில்:* ஏஎன்சி உள்ள இயர்பட்ஸ் கிடைக்கத் தொடங்கும். 2024இல் வந்த சிஎம்எஃப் பட்ஸ் 39 டொலர். பஸ் முழக்கத்தைக் குறைக்க இந்த வகை போதும். காற்றோட்டமான இடத்தில் அழைப்புக்கு மட்டும் சுமாராகத்தான் இருக்கும்.

*18,000 ரூபா அளவில்:* இங்கே இரண்டு நல்ல தெரிவுகள். அங்கர் கொம்பனியின் சவுண்ட்கோர் கியூ20ஐ (Q20i) காதை முழுதாக மூடும், ஏஎன்சி உண்டு. ஏஎன்சியோடு 40 மணிநேரமும் இல்லாமல் 60 மணிநேரமும் ஓடும் என்று கொம்பனி சொல்கிறது. வயரும் போடலாம், இரண்டு கருவிகளில் இணையும். பேஸ் கூடுதலாக அடிக்கும், அதை ஆப்பில் இறக்கிக்கொள்ளலாம். சோனி சிஎச்520 இதே விலைதான். அது 147 கிராம், 50 மணிநேரம். ஆனால் காதின் மேல் உட்காரும் வகை, ஏஎன்சி இல்லை, வயர் போட ஓட்டையும் இல்லை. வீட்டில் படிப்புக்கும் அழைப்புக்கும் சிஎச்520 இலேசாக இருக்கும். பிரயாணம் போகிறவருக்கு கியூ20ஐ.

*30,000 ரூபா அளவில்:* சவுண்ட்கோர் ஸ்பேஸ் வன், வன்மோர் சோனோஃப்ளோ. இரண்டும் அறிமுகத்தில் 100 டொலர் அளவு, இரண்டிலும் எல்டிஏசி (புளூடூத்தில் பாட்டைக் கூடுதல் தரத்தில் அனுப்பும் முறை) உண்டு. கூடுதல் காசின் பயன் நன்றாகத் தெரியும் கடைசிப் படி இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

*45,000 ரூபா அளவில்:* சோனி சிஎச்720என். ஏஎன்சியோடு 35 மணிநேரம். இதைத் தெரிவுசெய்ய முதல் காரணம் பாரம். நீண்ட நேரம் தலையில் வைத்திருப்பவருக்கு 192 கிராம் பெரிய ஆறுதல்.

என் போனில் ஹெட்போன் ஓட்டையே இல்லை. வயர் உள்ளதை எப்படிப் போடுவது?

டைப்-சியிலிருந்து 3.5 மி.மீ.க்கு மாற்றும் சிறிய கேபிள் வாங்க வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குள் டிஏசி சிப் இருக்கும், டிஜிட்டல் பாட்டை ஹெட்போனுக்கு ஏற்ற ஒலியாக மாற்றுவது அதுதான். மற்றது வெறும் வயர் மாற்றி. நிறைய போன்கள் வெறும் மாற்றியை ஏற்காது, செருகினாலும் சத்தம் போனின் ஸ்பீக்கரிலேயே வரும். "டிஏசி உள்ளது" என்று கேட்டு வாங்கி, கடையிலேயே உங்கள் போனில் செருகிப் பாருங்கள்.

ஆப்பிள் விற்கும் மாற்றி 9 டொலர்தான், தரமும் நல்லது. ஆனால் சில ஆண்ட்ராய்ட் போன்களில் அதிலிருந்து சத்தம் குறைவாக வரும். பழுதென்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம், சில போன்களோடு அது அப்படித்தான். ஐபோன் 15இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் பிரச்சினை இல்லை.

வீட்டில் ஏற்கெனவே நல்ல வயர் ஹெட்போன் இருந்தால் அதற்கு ஒரு புளூடூத் ரிசீவர் வாங்கிச் செருகலாம். தீப்பெட்டி அளவான பெட்டி, சட்டையில் மாட்டிக்கொள்ளலாம். ஃபியோ பிடிஆர் வரிசை இதில் பெயர்பெற்றது.

எல்டிஏசி இல்லாவிட்டால் பாட்டு கெட்டுப்போகுமா?

ஐபோன் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வேண்டாம். ஐபோனில் எஸ்பிசி, ஏஏசி என்ற இரண்டு சாதாரண முறைகள்தான் உண்டு, எல்டிஏசி ஹெட்போன் வாங்கினாலும் ஏஏசியில்தான் ஓடும். ஆண்ட்ராய்டில் 8ஆம் பதிப்பிலிருந்து எல்டிஏசி இருக்கிறது. அது விநாடிக்கு 330, 660, 990 கிலோபிட் என்று மூன்று படிகளில் ஓடும். 990இல் வைத்து சனநெரிசலான பஸ்ஸில் போனால் பாட்டு வெட்டி வெட்டி வரும், அப்போது 660க்கு இறக்குங்கள். யூடியூப்பில் பாட்டுக் கேட்பவருக்கு எஸ்பிசி போதும்.

போனில் நன்றாகக் கேட்கிற ஹெட்போன் லப்டொப்பில் ஸூம் திறந்ததும் பழைய வானொலி மாதிரி ஆகிவிடுகிறது. பழுதா?

பழுதில்லை, 120,000 ரூபா ஹெட்போனிலும் இதே கதைதான். பாட்டுக் கேட்கும்போது புளூடூத் ஒரு வழியில் மட்டும் ஒலியை அனுப்புகிறது. மைக்கைத் திறந்ததும் இரண்டு வழியாக மாறி, ஒலி 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்புக்கு இறங்கிவிடும். அதனால்தான் குரல் தட்டையாகக் கேட்கிறது.

தீர்வு எளிது. ஸூமின் ஓடியோ செட்டிங்கில் ஸ்பீக்கராக ஹெட்போனையும், மைக்காக லப்டொப்பின் சொந்த மைக்கையும் தெரிவுசெய்யுங்கள். மைக்கை ஹெட்போனிலிருந்து எடுத்துவிட்டாலே ஒலி பழைய தரத்துக்கு வந்துவிடும். விண்டோஸில் ஹெட்போன் இரண்டு பெயரில் தெரிந்தால் "ஸ்டீரியோ" என்றிருப்பதை எடுங்கள், "ஹேண்ட்ஸ்-ஃப்ரீ" என்றிருப்பதை விடுங்கள்.

கடையில் "மாஸ்டர் கொப்பி", "சூப்பர் கொப்பி" என்று பாதி விலையில் தருகிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். போலிப் பெயர் ஒட்டிய பொருளைவிட, அதே விலையில் சொந்தப் பெயரோடு விற்கும் சிறிய கொம்பனியின் பொருள் எப்போதும் நல்லது. கொப்பி செய்பவர் காசைச் செலவழிப்பது வெளித் தோற்றத்துக்கும் பெட்டிக்கும். பற்றரியும் மைக்கும் உள்ளே இருப்பதால் அங்கே மிச்சம் பிடிப்பார்.

"ஒரிஜினல்" என்று சொல்லித் தந்தால் இப்படிப் பாருங்கள். ஏர்பொட்ஸ் மூடியைத் திறந்ததும் ஐபோன் திரையில் படம் வருவது சான்றாகாது, கொப்பியிலும் அது வரும். தொடர் இலக்கத்தை ஆப்பிளின் உத்தரவாதப் பக்கத்தில் அடித்துப் பார்ப்பதும் பாதிச் சான்றுதான், உண்மையான இலக்கத்தையே திருடி அச்சடிக்கிறார்கள். ஐஓஎஸ் 16க்குப் பிறகு போலியை இணைக்கும்போது இது அசல் என உறுதிப்படுத்த முடியவில்லை என்று போனே எச்சரிக்கும், அதைக் கவனியுங்கள். சோனியாக இருந்தால் சோனியின் சவுண்ட் கனெக்ட் ஆப்பை உங்கள் போனில் போட்டுவிட்டுப் போங்கள். ஹெட்போன் அதில் ஏறி, ஏஎன்சி கட்டுப்பாடு வேலை செய்ய வேண்டும். எல்டிஏசி உண்டு என்றால் ஆண்ட்ராய்டின் புளூடூத் கருவி விபரத்தில் அந்தத் தெரிவு தெரிய வேண்டும்.

விலையும் சொல்லும். 399 டொலர்ப் பொருள் புதிதாக, பெட்டி உடையாமல் 15,000 ரூபாவுக்கு யாராலும் தர முடியாது.

கடையில் வைத்து எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பத்து நிமிடம் போதும். உங்கள் போன், சார்ஜ் கேபிள் இரண்டையும் கொண்டுபோங்கள்.

1. நன்றாகப் பழகிய ஒரு பாட்டைப் போடுங்கள். கடைக்காரர் போடும் பாட்டு பேஸ் அதிர்வதற்கென்றே தெரிவுசெய்தது. பாடகரின் குரல் தாளத்துக்குப் பின்னால் புதைகிறதா என்று கேளுங்கள்.
2. பாட்டை நிறுத்திவிட்டு அமைதியாக இருங்கள். "ஸ்ஸ்" என்ற இரைச்சல் எவ்வளவு?
3. மின்விசிறிக்கு அடியில் நின்று ஏஎன்சியைப் போட்டு எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரிய வேண்டும். காதில் அழுத்தம் மாதிரி வந்து தலைச்சுற்றினால் அந்த மொடல் உங்களுக்குச் சரிவராது.
4. கடைக்கு வெளியே றோட்டோரம் நின்று வீட்டுக்கு ஒரு அழைப்பு எடுத்து, குரல் எப்படி என்று மறுபக்கத்தில் கேளுங்கள். கடைக்குள் எல்லா மைக்கும் நன்றாகத்தான் இருக்கும்.
5. போனை மேசையில் வைத்துவிட்டு பத்து அடி தள்ளிப் போய், முதுகைத் திருப்பி நில்லுங்கள். வெட்டக்கூடாது.
6. தலையை இரு பக்கமும் ஆட்டுங்கள், வாயை அசைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் கிறீச்சிட்டால் இன்னும் சில மாதங்களில் அந்த மடிப்பு உடையும்.
7. இரு பக்கமும் டைப்-சி உள்ள உங்கள் கேபிளால் சார்ஜ் ஏறுகிறதா பாருங்கள்.

கடைசிச் சோதனைக்குக் காரணம் உண்டு. மலிவான பொருள் செய்பவர்கள் டைப்-சி ஓட்டையை வைத்துவிட்டு, அதற்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோஓம் தடைகளை விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் டைப்-சி சார்ஜர் மின்சாரமே விடாது. பழைய அகல யூஎஸ்பி முனை உள்ள கேபிளில் மட்டும் ஏறும். அப்படியொன்றை ஏற்கெனவே வாங்கியிருந்தால் எறிய வேண்டாம், அந்தப் பழைய கேபிளோடு ஓடும்.

கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு சோதிக்க வேண்டும். கண்ணாடிக் காம்பு குஷனைத் தூக்கினால் அந்த இடைவெளியால் பேஸ் ஓடிவிடும், ஏஎன்சியும் பாதியாகும்.

இந்த வெக்கைக்கும் வியர்வைக்கும் குஷன் உரிந்து கொட்டுகிறது. என்ன செய்யலாம்?

கடலும் வாவியும் பக்கத்தில் இருக்கிற ஊர்களில் இது தவிர்க்க முடியாதது. செயற்கைத் தோலின் மேல்பூச்சை வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்து கரைக்கின்றன. கச்சான் வீசும் மாதங்களில் ஒரு மணிநேரம் போட்டாலே உள்ளே நனைந்துவிடும்.

கழற்றியதும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, நிழலில் அரை மணிநேரம் திறந்து வையுங்கள். ஈரத்தோடு பையில் போட்டு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும், காதும் கடிக்கும். மாரியில் மூடியுள்ள டப்பாவில் சப்பாத்துப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு மூன்றோடு வையுங்கள். ஸ்பிரிட் தொட்டுத் தோலைத் துடைக்க வேண்டாம், பூச்சு இன்னும் சீக்கிரம் வெடிக்கும்.

மாற்றுக் குஷன் வாங்க வெளி நீளம், வெளி அகலம், உள் ஓட்டையின் நீள அகலம், தடிப்பு ஆகியவற்றை மில்லிமீற்றரில் அளந்து வையுங்கள். பெரும்பாலான குஷன்கள் இரண்டு வகையில் மாட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் விளிம்புத் தோல் ஒரு பள்ளத்துக்குள் செருகியிருக்கும். மற்றவற்றில் பின்னால் பிளாஸ்டிக் வளையம் கிளிப்பில் பூட்டியிருக்கும். வளையம் உள்ளதை விரல் நகத்தாலோ பழைய ரீலோட் அட்டையாலோ ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக நெம்புங்கள். வளையம் புதிய குஷனோடு வருகிறதா, பழையதை எடுத்துப் பொருத்த வேண்டுமா என்று வாங்கும் முன் பாருங்கள். புதியது பழையதைவிடத் தடிப்பாக இருந்தால் பேஸ் மாறும். துணிக் குஷன் குளிர்ச்சிதான், ஆனால் ஏஎன்சி ஹெட்போனில் போட்டால் சத்தம் கசிந்து ஏஎன்சி பலவீனமாகும்.

உடற்பயிற்சிக்கு ஹெட்போன் வேண்டாம். ஐபிஎக்ஸ்4 தரமுள்ள இயர்பட்ஸ் வியர்வைத் துளியைத் தாங்கும். அந்த இலக்கம் தெறிக்கும் நீருக்கு மட்டும்தான், குளிப்பதற்கில்லை.

பாவித்த சோனி அல்லது போஸ் பாதி விலைக்கு வருகிறது. எடுக்கலாமா?

எடுக்கலாம், பற்றரியைப் பார்த்து. முழுதாக ஏற்றி, ஏஎன்சி போட்டு, அரைச் சத்தத்தில் ஒரு மணிநேரம் ஓடவிடுங்கள். 30 மணிநேரம் ஓட வேண்டியது ஒரு மணியில் 10 வீதத்துக்கு மேல் இறங்கினால் பற்றரி இளைத்துவிட்டது. குஷன், மடிப்பு, தலைப்பட்டியின் நீட்டும் பகுதி மூன்றையும் வெளிச்சத்தில் பார்த்து வெடிப்பு தேடுங்கள். பற்றரி மாற்றும் செலவையும் குஷன் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

பற்றரியை போன் திருத்தும் கடையில் மாற்றலாம். பழைய பற்றரியின் மேல் 6 இலக்கம் இருக்கும். 603040 என்றால் 6.0 மி.மீ. தடிப்பு, 30 மி.மீ. அகலம், 40 மி.மீ. நீளம். அதே அளவு, அதே 3.7 வோல்ட் வாங்க வேண்டும். கூடுதல் எம்ஏஎச் (பற்றரியின் கொள்ளளவு) என்று தடித்த பற்றரியை அழுத்திப் பூட்டுவது ஆபத்து. வயர் இரண்டா மூன்றா என்று எண்ணுங்கள். மூன்றாவது வயர் வெப்ப உணரிக்கானது, அது இல்லாத பற்றரியைப் போட்டால் சில ஹெட்போன்கள் சார்ஜ் ஏற மறுக்கும். ஈயம் ஒட்டும்போது ஒரு வயரை வெட்டி டேப் சுற்றிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் தீப்பொறி பறக்கும். உப்பிய பற்றரியைக் குத்தக்கூடாது, அழுத்தக்கூடாது.

இயர்பட்ஸ் பாவித்தது வேண்டவே வேண்டாம். பற்றரி மிகச் சிறியது, திறந்தால் திரும்ப ஒட்டுவது சிரமம், சுத்தமும் ஒரு விடயம்.

புதிதானாலும் பழையதானாலும் பற்றரி நீடிக்க 20 வீதத்துக்கும் 80 வீதத்துக்கும் இடையில் வைத்திருங்கள். மத்தியான வெயிலில் ஓட்டோவின் முன்தட்டிலோ, தகரக் கூரையின் கீழ் உள்ள அலுமாரிக்கு மேலோ சார்ஜில் விட வேண்டாம். லிதியம் பற்றரிக்கு 45 பாகைக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது கேடு.

வாங்கியாச்சு, ஆனால் பேஸ் மட்டும்தான் கேட்கிறது. குரல் எங்கே?

மலிவான ஹெட்போன்களின் பொதுக் குறை இது, ஒலியின் தாழ்ந்த, நடு, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரால் காசு செலவில்லாமல் பெரும்பகுதி தீரும். 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையானதை 3 அல்லது 4 டெசிபல் இறக்குங்கள். குரல் இன்னும் மங்கலாக இருந்தால் 2,000 முதல் 4,000 வரை 2 டெசிபல் ஏற்றுங்கள். "ச", "ஸ" காதைக் குத்தினால் 6,000 முதல் 8,000 வரை 2 அல்லது 3 இறக்குங்கள். இறக்குவதை முதலில் செய்யுங்கள், ஏற்றுவதைக் கடைசியில். எல்லாவற்றையும் ஏற்றினால் ஒலி கரகரக்கும்.

ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற ஆப்பில் ஆயிரக்கணக்கான ஹெட்போன்களின் அளவீட்டிலிருந்து எடுத்த திருத்தங்கள் இருக்கின்றன. உங்கள் மொடலின் பெயரைத் தேடி ஓன் பண்ணினால் போதும். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம். இயர்பட்ஸாக இருந்தால் எதையும் தொடும் முன் பெரிய சிலிக்கன் முனையைப் போட்டுப் பாருங்கள். அவற்றில் பேஸே இல்லை என்ற முறைப்பாடு பெரும்பாலும் முனை சிறியதாக இருப்பதால் வருவது.

ஒரு பக்க இயர்பட் மட்டும் வேலை செய்யவில்லை.

பெட்டிக்குள் உள்ள பித்தளை நிறப் புள்ளிகளில் வியர்வை உப்புப் படிந்து சார்ஜ் ஏறாமல் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரோப்பைல் ஸ்பிரிட் தொட்டு, பட்டிலும் பெட்டியிலும் உள்ள புள்ளிகளைத் துடைத்து, காய்ந்த பின் அரை மணிநேரம் சார்ஜில் வையுங்கள். அப்படியும் வராவிட்டால் போனின் புளூடூத் பட்டியலில் அதை அழித்து, இரண்டையும் பெட்டியில் வைத்து, பெட்டியின் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் புதிதாக இணையுங்கள். பட்டன் இல்லாத மொடல்களுக்கு முறை மாறும், கையேட்டில் இருக்கும்.

உத்தரவாதம் விடயத்தில் எதைக் கவனிப்பது?

"ஒரு வருட வொரண்டி" என்றால் யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். கொம்பனி முகவரா, கடையா? பழுதானால் இங்கேயே வாங்குவார்களா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா, அனுப்பும் செலவு யாருடையது? பற்றரிக்கும் அது பொருந்துமா? பதிலை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் பில் கொடுப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி வியாபாரியின் கடமை. முறைப்பாட்டுக்கு அதிகாரசபையின் இலக்கம் 1977. மொடல் பெயரும் தொடர் இலக்கமும் இல்லாமல் "ஹெட்போன் 1" என்று மட்டும் எழுதிய பில்லால் பயனில்லை.

டராஸ் போன்ற ஒன்லைன் தளத்தில் வாங்கினால், பார்சலின் முகவரித் தாள் தெரியும்படி தொடங்கி, பெட்டியைத் திறந்து ஹெட்போன் ஓடும் வரைக்கும் இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். ஒரு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம் போட்டவர்களின் கருத்தை வாசியுங்கள். வந்த அன்றே எழுதிய ஐந்து நட்சத்திரத்தில் பற்றரியைப் பற்றி ஒன்றும் இருக்காது.

பிள்ளைக்கு வாங்குவதென்றால்?

வயர் உள்ளது, சத்தம் 85 டெசிபலுக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தியது. ஏஎன்சியும் புளூடூத்தும் வேண்டாம். 85 என்பது தாண்டக்கூடாத உச்சம், வழக்கமாகக் கேட்பது அதைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணிநேரம் 80 டெசிபல் வரை என்றும், பிள்ளைகளுக்கு அதே 40 மணிநேரம் 75 டெசிபல் வரை என்றும் உலக சுகாதார நிறுவனம் எல்லை வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். பெரியவர் 80இல் 40 மணிநேரம் கேட்கலாம் என்றால் 83இல் 20, 86இல் 10, 89இல் 5 மணிநேரம்தான். பிள்ளை ஹெட்போனைப் போட்டிருக்கும்போது ஒரு கை நீள தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள். கேட்காவிட்டால் போனில் சத்த எல்லையை நீங்களே இறக்கி, கடவுச்சொல் போட்டு வையுங்கள்.